பெட்டிக்குள் சிலி

இணைய வரைபடத்தில் ஓரிடத்தைத் தொட்டதும் அது எந்த நாடு என்று சொல்லிவிடுகிறது. பல வரைபடங்களுக்குப் பின்னால் இருக்கும் போஸ்ட்ஜிஐஎஸ் என்னும் இடத்தரவு மென்பொருள், எவ்வளவு கணக்கைப் போடாமலே தள்ளிவிடுகிறது என்பதில்தான் எனக்கு மனம் லயிக்கிறது.

நாட்டின் எல்லை ஆயிரக்கணக்கான முனைகள் கொண்ட கோடு. தொட்ட புள்ளி உள்ளேயா வெளியேயா என்றறிய அந்தக் கோடு முழுக்க நடந்து பார்க்க வேண்டும். 1984இல் அன்டோனின் கட்மன் முன்வைத்த ஆர்-ட்ரீ என்னும் தேடல் அமைப்பு முதலில் கோட்டின் பக்கமே போவதில்லை. ஒவ்வோர் உருவத்தையும் சுற்றி ஒரு செவ்வகப் பெட்டி, நான்கே எண்கள். அருகருகே உள்ள பெட்டிகளை அடக்க ஒரு பெரிய பெட்டி, அவற்றை அடக்க அதைவிடப் பெரியது. பெரிய பெட்டிக்குள் புள்ளி இல்லையென்றால் அதற்குள் இருக்கும் அத்தனையும் ஒரேயடியாகக் கழிந்துவிடும். மிஞ்சும் ஒன்றிரண்டுக்குத்தான் அசல் கோடு.

அந்த நான்கு எண்களைப் பதிந்துவைத்திருக்கும் அழகைப் பாருங்கள். அசல் ஆயத்தொலைவு ஒவ்வொன்றும் 8 பைட். பெட்டிகளை வைத்திருக்கும் இண்டெக்ஸில், அதாவது தேடலுக்கான அட்டவணையில், 4 பைட்தான். இண்டெக்ஸின் ஒரு பக்கத்தில் கூடுதல் பெட்டிகள் அடங்கும், படிக்க வேண்டிய பக்கங்கள் குறையும். துல்லியம் குறையத்தான் செய்கிறது: 70 டிகிரி தீர்க்கரேகையில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே 0.0000076 டிகிரி இடைவெளி, நிலநடுக்கோட்டில் ஏறக்குறைய 85 சென்டிமீட்டர். ஆகவே இடது, கீழ் ஓரங்களைக் கீழ்நோக்கியும் வலது, மேல் ஓரங்களை மேல்நோக்கியும் முழுமையாக்குகிறார்கள். பெட்டி துளி உப்பும், ஒருபோதும் சுருங்காது. வேண்டாதது ஒன்று உள்ளே வந்தால் அடுத்த சோதனையில் விழுந்துவிடும். வேண்டியது மட்டும் தவறவே தவறாது. பிழை எந்தப் பக்கம் சாயலாம் என்பதை முன்கூட்டியே தீர்மானித்த கை இது. என்ன நிதானம்!

இதே பெட்டி சிலியிடம் திணறும். தென்வடலாகச் சுமார் 4,300 கிலோமீட்டர் நீண்ட ஒல்லி நாடு. போதாததற்கு ஈஸ்டர் தீவு பசிபிக்கில் வெகுதொலைவில். இரண்டையும் அடக்கிய பெட்டியில் பெரும்பகுதி கடல். அர்ஜென்டினாவின் மெண்டோசா நகரமும் அதற்குள்தான். மெண்டோசாவைத் தொட்டாலும், நடுக்கடலில் ஒரு கப்பலைத் தொட்டாலும், சிலியின் நெளிந்து கிடக்கும் கரை முழுவதையும் எடுத்துச் சரிபார்க்க வேண்டிவரும்.

போஸ்ட்ஜிஐஎஸ்ஸின் எஸ்டி_சப்டிவைட் என்ற கட்டளை இந்த உருவத்தைத் துண்டுகளாக வெட்டிக் கொடுக்கிறது. வேறு எதுவும் சொல்லாவிட்டால் ஒரு துண்டில் 256 முனைகளுக்கு மேல் இருக்காது. வெட்டிய ஓரங்களில் புது முனைகள் சேர்வதால் மொத்தத் தரவு கூடுகிறது, தேடல் வேகமெடுக்கிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. துண்டுகளின் பெட்டிகள் நிலத்தை ஒட்டி நிற்கின்றன, நடுக்கடல் எதற்குள்ளும் இல்லை. உரசிப் போகும் பெட்டி ஒன்றிரண்டு இருந்தாலும் சோதிக்க வேண்டியது சின்னக் கோடு.

துண்டுகளை அப்படியே வரைபடத்தில் வரைந்தால் வெட்டுக்கோடுகள் நாட்டின் குறுக்கே தெரியும். அதனால் தேடலுக்குத் துண்டுகள் ஒரு டேபிளில், வரைவதற்கு முழு உருவம் இன்னொன்றில். இரண்டையும் இணைப்பது நாட்டின் எண் மட்டுமே.