ஜவ்வாது மலையும் திரைப்பட ஆய்வும்

திரைப்படத்தைப் பற்றி ஆராய்வது ஒன்று. திரைப்படத்தைக் கொண்டே ஆராய்வது மற்றொன்று. முன்னதில் நம்மவர் குறிப்பிடத்தக்க பணி செய்துள்ளனர். கா. சிவத்தம்பியும் சு. தியடோர் பாஸ்கரனும் 1981இல் வெளியிட்ட நூல்கள், தமிழ்த் திரைக்கும் அரசியலுக்கும் உள்ள உறவைப் புலமையுடன் நோக்கின. எம்.ஜி.ஆரின் படிமத்தை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் ஆராய்ந்தார். இவர்களைத் தொடர்ந்து வந்த முதுநிலை ஆய்வேடுகள் பல, பாடல்களில் உவமை தேடுவதிலும் பாத்திரங்களை வகைப்படுத்துவதிலும் நின்றுவிட்டன. 'ரோஜா' (1992), 'பம்பாய்' (1995) ஆகிய படங்களுக்குப் பின் முஸ்லிம் சித்திரிப்பைக் கணக்கெடுக்கும் ஆய்வுகளும் எழுந்தன. அக்கணக்கு தேவையே, நாமும் அதை வரவேற்றோம். எனினும், பிறர் எடுத்த படத்தில் நம் முகம் எங்ஙனம் தெரிகிறது என்று கேட்பதோடு ஓர் ஆய்வு மனநிறைவு கொள்ளலாகாது. முகமே காட்டப்படாதோர் நிலை என்ன?

ஜவ்வாது மலையை எடுத்துக்கொள்வோம். (இப்பெயர் நம் வாசகர்க்குச் சவ்வாதுப் புலவரை நினைவூட்டலாம், அவர் இராமநாதபுரச் சீமையினர், இம்மலைக்கு உரியவர் அல்லர்.) இம்மலை ஆய்வுலகுக்குப் புதிதன்று. 1960களின் இறுதியிலேயே காவலூரில் தொலைநோக்கி நிறுவப்பட்டது, 1986இல் 2.34 மீட்டர் விட்டமுடைய பெருந்தொலைநோக்கியும் செயற்படத் தொடங்கியது. அதே மலையின் சிற்றூர்களிலிருந்து, பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினரான ஆடவர், கூலிக்காக ஆந்திரத்துச் சேஷாசலக் காடுகளுக்குச் செம்மரம் வெட்டச் சென்றுவந்தனர். 2015 ஏப்ரல் 7 அன்று அக்காட்டில் தமிழகத் தொழிலாளர் 20 பேர் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தினரே அவர்களுட் பெரும்பான்மையோர். ஜவ்வாது மலையினரும் அவர்களுள் இருந்தனர். மரம் வெட்டியோர் தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறிற்று. சிலர் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுசெல்லப்பட்டனர் எனத் தப்பி வந்தோர் தேசிய மனித உரிமை ஆணையத்தின்முன் சாட்சியம் அளித்தனர்.

இனி, 2021 டிசம்பரில் வெளிவந்து தமிழிலும் பெருவரவேற்புப் பெற்ற சுகுமாரின் 'புஷ்பா'வை நோக்குவோம். அதன் நாயகன் செம்மரம் வெட்டும் தினக்கூலி. கோடரி பிடித்த கை மிக விரைவில் கடத்தற்குழுவின் தலைமையைப் பிடிக்கிறது. கூலியாள் என்னும் நிலை இப்படத்துக்கு ஒரு படிக்கட்டு மட்டுமே. அதில் ஏறிச் சென்றவன் காவியமாகிறான், அதிலேயே நின்றவர்கள் கூட்டமாகிக் காட்சியின் பின்புறம் மறைகிறார்கள். காவலரின் கண்ணில் மண்தூவ மரங்களை ஆற்றில் தள்ளும் காட்சியில் அரங்கம் ஆர்ப்பரித்தது. அம்மரத்தின் பொருட்டு உயிர்விட்டோரின் ஊர்ப்பெயர் ஒன்றேனும் அங்கு ஒலிக்கவில்லை. காட்சிகளிற் பல படமாக்கப்பட்டதும் சேஷாசலத்தில் அன்று, கோதாவரிப் பக்கத்து மாரேடுமில்லிக் காட்டில். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வணிகப் படம் தன் வசதியை நாடும். ஆயினும் காட்டையும் மாற்றி, வெட்டியவனையும் மாற்றியபின் எஞ்சுவது செம்மரத்தின் நிறம் ஒன்றே எனலாம். இந்நடிப்புக்காக அல்லு அர்ஜுனுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது 2023இல் அறிவிக்கப்பட்டது. நடிப்பில் நாம் குறை காணவில்லை.

எதிர்ச்சான்று வேண்டுவோர் இந்தோனேசியாவை நோக்கலாம். 1965-66இல் அங்கு நிகழ்ந்த பெருங்கொலைகளைப் பற்றி ஜோஷுவா ஓப்பன்ஹைமர் எடுத்த 'தி ஆக்ட் ஆஃப் கில்லிங்' (2012), வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழக ஆய்வுத்திட்டம் ஒன்றின் விளைவாகும். அவர் லண்டனில் கலைத்துறை முனைவர் பட்டம் பெற்றவர். கொலையாளிகளையே, தாம் விரும்பிய ஹாலிவுட் பட பாணியில் தம் கொலைகளை நடித்துக் காட்டுமாறு அவர் விட்டார். திரைப்படம் கொலைக்கு எவ்வளவு கவர்ச்சியூட்டக்கூடும் என்பதை ஏட்டில் எழுதி நிறுவ முடியாது. படக்கருவியே அதை நிறுவியது. அடுத்த படமான 'தி லுக் ஆஃப் சைலன்ஸ்' (2014) கொல்லப்பட்டவரின் தம்பியைக் கொலையாளிகளின் எதிரே அமர்த்தியது. இவ்விரு படங்களிலும் உள்ளூர்ப் பணியாளர் பலரின் பெயர் 'பெயரிலி' என்றே வருகிறது. உயிரச்சம் அத்தகையது. தமிழில் ஆர்.ஆர். சீனிவாசனின் 'ஒரு நதியின் மரணம்', 1999இல் தாமிரபரணியில் 17 பேர் மாண்ட நிகழ்வை ஆவணமாக்கியது. அது இயக்க உணர்வில் பிறந்தது. பல்கலைக்கழகத்துக்கு அதில் பங்கில்லை.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகக் காவலூருக்குச் சாலை செல்கிறது. 1919இல் தோன்றிய இஸ்லாமியாக் கல்லூரி அவ்வூரில் உள்ளது. அண்மையில் ஆம்பூரில் மஸ்ஹருல் உலூம் கல்லூரி உள்ளது. இம்மலையின் அடிவாரத்துப் பிள்ளைகள் ஆய்வுக்கு வரும்போது, படக்கருவியுடன் ஜமுனாமரத்தூருக்குச் செல்ல அவர்களுக்கு நெறியாளர் இசைவளிப்பாரா? ஒரு மணிநேரப் படத்தையும் அதற்குரிய விளக்கவுரையையும் தேர்வாளர் ஆய்வேடாக ஏற்பாரா? எம்.ஃபில். பட்டத்தை 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு கைவிட்டபின், இளம் ஆய்வாளர் தம் கையைப் பழக்கிக்கொள்ளும் சிறிய களமும் மறைந்தது. இனி நேரே முனைவர் பட்டந்தான். அதற்குள் துணிவு தணிந்துவிடுவது இயல்பு.

அதனினும் கடினமானது சாட்சிகளைப் பற்றியது. கணவனை இழந்த பெண் ஒருத்தி படக்கருவியின்முன் பேசுவாளாயின், அப்பேச்சு யாருக்கு உரியது? பட்டம் பெறுபவர்க்கா, பேசியவளுக்கா? முகத்தை மறைத்தால் 'புஷ்பா' செய்ததையே நாமும் செய்தவராவோம். காட்டினால் அவள் மகனுக்குத் தீங்கு நேரலாம். ஓப்பன்ஹைமரின் படங்கள் இதற்குப் பொதுவிதி எதையும் வகுத்துத் தரவில்லை. ஆய்வாளர் தாம் எடுத்ததைத் தேர்வாளருக்கு அனுப்புமுன் அவ்வூர்ப் பள்ளிக்கூடத்துச் சுவரில் திரையிட்டுக் காட்ட வேண்டும். அங்கு யாரேனும் 'இதை நீக்கிவிடுங்கள்' என்றால் நீக்கவும் வேண்டும். நீக்கியது எது, ஏன் என்பதை விளக்கவுரையில் எழுதலாம்.