வடுவும் வழக்கும்

2005இல் டில்லியில், மணம்புரிய மறுத்த 'குற்றத்திற்காக'த் திராவக வீச்சுக்கு ஆளான சிறுமி லக்ஷ்மி அகர்வால். 2006இல் அவர் தொடுத்த பொதுநல வழக்கின் பயனாக, 2013இல் இந்திய உச்ச நீதிமன்றம் திராவக விற்பனையைக் கட்டுப்படுத்தியது. பாதிக்கப்பட்டோருக்குக் குறைந்தது 3 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் பணித்தது.

அவ்வாழ்வைத் தழுவி மேக்னா குல்சார் இயக்கிய 'சபாக்' (2020) கண்ணீரை யாசிக்கவில்லை; வழக்கையே கதையாக்குகிறது. சட்டம் வந்தபின்னும் மற்றொரு தாக்குதலோடு முடிவது அதன் நேர்மை. ஆயினும், மெய்யான வடுச் சுமந்த பெண்கள் துணைப் பாத்திரங்களாக ஒதுங்க, ஒப்பனை வடுப் பூண்ட நட்சத்திரமே நடுவில் நிற்கிறார். வணிகத் திரையின் எல்லை இது.

எமது மட்டக்களப்பு வாவிக்கரையிலோ, எரிகாயம் பட்ட பெண்ணிடம் "குப்பிவிளக்குச் சரிந்ததா?" என்று கேட்பதோடு ஊர் அடங்கிவிடுகிறது. "எரித்தவன் யார்?" என்ற அடுத்த கேள்வியை எழுப்பும் படைப்பையே நாம் எதிர்பார்க்கிறோம்.