தலைமேற் காற்புள்ளியும் ஹம்ஸாவும்

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் செல்வோர் வழியில் சாளுவன்குப்பத்து அதிரணசண்ட மண்டபத்தைக் கண்டிருப்பர். அங்கே ஒரே வடமொழிப் பாடல்கள் ஒரு புறம் பல்லவ கிரந்தத்திலும் மறுபுறம் நாகரியிலும் பொறிக்கப்பட்டுள்ளன. எழுத்து மாறியும் ஒலி சிதையவில்லை; அவ்வொலிகளுக்குரிய எழுத்துகள் இரண்டிலும் உண்டு. அரபுச் சொற்கள் ஆங்கில எழுத்தில் புகுங்கால் இப்பேறு வாய்ப்பதில்லை. ஹம்ஸாவுக்கும் ஐனுக்கும் அங்கே எழுத்தில்லை. ஆகவே, தலைமேல் தொங்கும் காற்புள்ளியை ஒத்த அப்பாஸ்ட்ரஃபி என்னும் குறியை அவற்றுக்குப் பகரமாக இடுகின்றனர்.

அக்குறி வேண்டா என்போர் இன்று நம்மிடையே உளர். ஆங்கிலேயரே அதைக் கைவிடுகின்றனர் என்பது அவர்தம் வாதம். செய்தி மெய்யே. அமெரிக்கப் புவிப்பெயர் வாரியம் 1890 முதலே இடப்பெயர்களில் உடைமை காட்டும் அக்குறியைப் பெரும்பாலும் தவிர்த்து வருகிறது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரமன்றம் 2009இல் தெருப்பலகைகளில் அதனை விலக்கியது. எனினும், இவ்வாதத்தை நாம் முழுதும் ஏற்பதற்கில்லை.

ஆங்கிலத்தில் அக்குறி விடுபட்ட எழுத்தையும் உடைமையையும் சுட்டுவது. அது நீங்கினும் படிப்போர் பெரும்பாலும் பொருளை உணர்ந்துகொள்வர். அரபியிலும் இத்தகைய விடுபாடு உண்டு. 'பிஸ்மில்லாஹ்' என எழுதுங்கால் 'இஸ்மு' என்பதன் அலிஃப் எழுதப்படுவதில்லை. மிகுந்த வழக்கே காரணம் என்பர் இலக்கண அறிஞர். அல்அலக் அத்தியாயத்தின் முதல் வசனத்திலோ அதே அலிஃப் எழுதப்படுகிறது. ஈரிடத்தும் அது ஒலிப்பதில்லை. ஆதலின் விடுபட்டாலும் இழப்பில்லை.

அரபுச் சொல்லின் இடையே நிற்கும் குறியோ விடுபாட்டின் அடையாளமன்று. அதுவே ஓர் எழுத்து. 'ஸஅல' என்றால் 'கேட்டான்'. ஹம்ஸா நீங்கி 'ஸால' என்றாயின், நீர் 'ஓடியது' எனப் பொருள் திரியும். இதனை எங்ஙனம் ஊகிப்பது?

நம் முன்னோர் குறி எதனையும் கடன் வாங்காமல் குர்ஆன், ஜும்ஆ, துஆ என எழுதினர். அளபெடையிலன்றிச் சொல்லிடையே உயிரெழுத்து நில்லாது என்னும் தமிழ் மரபை நெகிழ்த்தி ஒலியைக் காத்தனர். இதிலும் குறையுண்டு. ஐனில் தொடங்கும் 'செயலும்', ஹம்ஸாவில் தொடங்கும் 'நம்பிக்கையும்' தமிழில் 'அமல்' என்றே நிற்கும். ஆயினும் குரான், ஜும்மா, துவா எனச் சிதைத்து எழுதும் இன்றைய போக்கினும் அது மேலானது.

செங்கல்பட்டில் நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவரின் பெயர், ஒரு சான்றிதழில் குறியோடும் மற்றொன்றில் குறியின்றியும் பதிவாயிற்று. இரு பெயரும் தமதே என மெய்ப்பிக்க அவர் பன்முறை அலைந்தார். ஆகவே பெற்றோர்க்கு நாம் சொல்வது இது: ஆங்கில ஆவணங்களில் குறியை இடுக, அன்றேல் விடுக, எல்லாவற்றிலும் ஒரே வடிவம் இருக்கட்டும். தமிழில் எழுதுங்கால் மட்டும் அந்த உயிரெழுத்தை விடாதீர். பிள்ளை தன் பெயரைச் சரியாக ஒலிக்க எஞ்சியிருக்கும் வழி அதுவே.