ஓசூர் ஸ்கூட்டருக்குத் தேவை அடுப்பல்ல, ஒரு சாக்கெட்

மின்வண்டியில் முகாம் போகிறவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் கடைக்காரர் கூடாரம், மடக்கு அடுப்பு, குட்டி ஃப்ரிட்ஜ் என்று அடுக்குவார். அதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: வண்டியில் இருக்கும் மின்சாரத்தை வெளியே எடுக்க வழி இருக்கிறதா? ஓசூரில் ஏத்தரும் டிவிஎஸ் ஐகியூபும், சூளகிரியில் சிம்பிளும், போச்சம்பள்ளியில் ஓலாவும் என மின் ஸ்கூட்டர்கள் தயாராகும் இந்த வட்டாரத்தில்தான் அதைக் கேட்க வேண்டும்.

முதலில் கணக்கு. 2024-ல் வந்த ஏத்தர் ரிஸ்டாவின் பெரிய பேட்டரி 3.7 யூனிட். கிலோமீட்டருக்குச் சுமார் 30 வாட்-மணி செலவாகும் என்று வையுங்கள். 5 வாட் விளக்கு ஐந்து மணி நேரம், 8 வாட் விசிறி எட்டு மணி நேரம், இரண்டு போன் சார்ஜ்: எல்லாம் சேர்ந்து 130 வாட்-மணிக்குள் முடிந்துவிடும். வண்டி ஓட்டத்தில் நாலைந்து கிலோமீட்டர்தான் குறையும். 1,500 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை இருபது நிமிடம் ஓட்டினாலோ 500 வாட்-மணி, அதாவது பதினாறு பதினேழு கிலோமீட்டர். அஞ்செட்டி பக்கம் தங்கிவிட்டுத் தேன்கனிக்கோட்டைக்கு ஏற்றம் ஏறி வர வேண்டியவருக்கு அந்த இழப்பு பெரிது. ஸ்கூட்டருக்கு மின்னடுப்பு ஆகாது.

காருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 2023-ல் இந்தியாவில் அறிமுகமான ஹூண்டாய் ஐயோனிக் 5-ல் 72.6 யூனிட் பேட்டரி, 3.6 கிலோவாட் வரை வெளியே எடுக்கலாம். அதே ஆண்டு வந்த புதிய நெக்ஸான் இவியிலும் இந்த வசதி உண்டு. சோறு பொங்கலாம், குழம்பும் வைக்கலாம். ஆனால் ஐயோனிக்கின் அறிமுக விலையே 44.95 லட்சம்!

இரு சக்கரத்தில் சரியான திசையில் யோசித்தது ஓலா. 2024 நவம்பரில் எஸ்1 இசட், கிக் வண்டிகளோடு பவர்பாட் என்ற இன்வெர்ட்டரையும் 9,999 ரூபாய் விலையில் அறிவித்தது. கழற்றி எடுக்கும் 1.5 யூனிட் பேட்டரியை அதில் மாட்டினால் 500 வாட் வரை கிடைக்கும். வீட்டில் கரண்ட் போனால் உதவத்தான் அதை முன்வைத்தார்கள். ஆனால் அதன் அமைப்பு முகாமுக்கே தோதானது. எஸ்1 இசட்டில் இரண்டு பேட்டரி மாட்டலாம். ஒன்று கூடாரத்துக்கு, மற்றது வீடு திரும்ப. இரவு எவ்வளவு செலவழித்தாலும் காலையில் நடுவழியில் நிற்கும் பயமில்லை. இந்த யோசனையை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

குறை, பேட்டரி கழற்ற முடியாத வண்டிகளில் இருக்கிறது. போன் சார்ஜுக்கு மேல் அவற்றில் பெரும்பாலும் வழியில்லை. ஆகவே சிலர் முன் பேனலைக் கழற்றி, ஹாரனுக்குப் போகும் 12 வோல்ட் ஒயரில் இன்னொரு ஒயரைச் சுற்றி, இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுகிறார்கள். விளக்குக்கும் ஹாரனுக்கும் அளவாக வைத்த கன்வெர்ட்டர் கூடுதல் சுமையைத் தாங்க வேண்டியதாகிறது. வண்டி ஆனில் இருந்தால்தான் அந்த ஒயரில் மின்சாரம் வரும் என்றால், இரவு முழுக்க ஆனிலேயே விட வேண்டும். பனியில் டேப் நனையும், வாரன்டியும் போகும். 2022-ல் நடந்த மின் ஸ்கூட்டர் தீ விபத்துகளுக்குப் பிறகு ஏஐஎஸ் 156 என்ற பேட்டரி பாதுகாப்பு விதியைக் கடுமையாக்கிய நாட்டில் இந்த வேலையை வாடிக்கையாளர் தலையில் விடுவது நியாயமல்ல.

தங்கும் இடத்திலும் விளக்கிலும் நிபந்தனை உண்டு. அஞ்செட்டி பக்கமுள்ள காவேரி வடக்கு சரணாலயக் காட்டுக்குள் அனுமதியின்றிக் கூடாரம் போடக்கூடாது. பட்டா நிலத்தில், உரிமையாளர் சம்மதத்தோடுதான் தங்க வேண்டும். ராகி விளையும் அந்த வயல்களுக்கு யானை வரும். வெகுதூரம் பாயும் ஃப்ளட் லைட்டை முகாம் துணைக்கருவி என்று விற்பதை நான் ஏற்க மாட்டேன். தரையை மட்டும் காட்டும் மங்கல் மஞ்சள் விளக்கு போதும்.

என் தீர்ப்பு இது. கம்பெனியே பொருத்தித் தரும் 100 வாட் டைப்-சி சாக்கெட், தண்ணீர் புகாத மூடி, சார்ஜ் 30 சதவீதத்துக்கு இறங்கியதும் தானே துண்டிக்கும் பூட்டு: இந்த மூன்றும்தான் ஸ்கூட்டருக்கான முகாம் துணைக்கருவி. ஓசூர் சிப்காட்டில் ஒயரிங் ஹார்னஸும் பிளாஸ்டிக் மோல்டிங்கும் செய்யும் சிறு பட்டறைகளுக்கு இது கைவந்த வேலை. கனெக்டரின் அளவையும் பேட்டரியோடு பேசும் மென்பொருள் விவரத்தையும் ஸ்கூட்டர் கம்பெனிகள் அவர்களுக்குத் திறந்து கொடுக்க வேண்டும்.