குப்பை எது, லைசென்ஸ் எது?

சி டிரைவ் சிவப்பாகிவிட்டால் பலரும் முதலில் செய்வது ஒன்றுதான். ரன் பெட்டியைத் திறந்து '%டெம்ப்%' என்று அடித்து, வருகிற எல்லாவற்றையும் கன்ட்ரோல் ஏ கொடுத்து அழித்துவிடுவார்கள். பெரும்பாலும் அதனால் ஒன்றும் ஆகாது. இடம் போதவில்லை என்று அதே வேகத்தில் பக்கத்து ஃபோல்டர்களிலும் கை வைக்கும்போதுதான் வம்பு. மறுநாள் ஆபீஸைத் திறந்தால் கணக்கில் சைன் இன் செய்யச் சொல்லும், இல்லையென்றால் ஆட்டோகேட் லைசென்ஸ் பிழை என்று மூடிக்கொள்ளும்.

அழித்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆக்டிவேஷன் கோப்புகள் பார்ப்பதற்குக் குப்பை மாதிரியேதான் இருக்கும்: புரியாத பெயர், நோட்பேடில் திறந்தால் வெறும் கிறுக்கல். அடோபியின் பழைய பதிப்புகள் லைசென்ஸ் விவரத்தை 'எஸ்எல்ஸ்டோர்', 'எஸ்எல்கேஷ்' என்ற ஃபோல்டர்களில் வைத்திருந்தன. கேஷ் என்றாலே அழிக்கலாம் என்று நாம்தான் பழகிவிட்டோமே! இந்தக் குழப்பத்துக்கு நடுவே எந்தக் கிளீனரை நம்பலாம் என்று பார்ப்பதற்காக, விண்டோஸ் 11 லேப்டாப் ஒன்றில் விண்டோஸின் சொந்தச் சுத்திகரிப்பு வசதியையும் இலவச மென்பொருளான பிளீச்பிட்டையும் ஓட்டிப் பார்த்தேன்.

முதலில் லைசென்ஸ் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வோம். விண்டோஸ் தன்னுடையதை சிஸ்டம்32-க்குள் 'எஸ்பிபி' என்ற ஃபோல்டரின் அடியாழத்தில், 'டோக்கன்ஸ்.டாட்' என்ற கோப்பில் வைத்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 365-க்கு உங்கள் பயனர் ஃபோல்டரில், ஆப்டேட்டாவுக்குள் ஆபீஸ் பெயரில் 'லைசென்ஸஸ்' என்று தனி இடம் உண்டு. ஆட்டோகேடின் ஆட்டோடெஸ்க் போன்ற நிறுவனங்கள் பயன்படுத்தும் லைசென்ஸ் மென்பொருளான ஃபிளெக்ஸ்நெட், புரோகிராம்டேட்டாவில் தன் பெயரிலேயே ஃபோல்டர் போட்டுக்கொள்ளும். அதைத் திறந்து பாருங்கள். 'ஆட்ஸ்க்ஃபிளெக்ஸ்' என்று தொடங்கும் கோப்புகள் ஆட்டோடெஸ்க்குடையவை, வேறு பெயரில் தொடங்கினால் வேறு நிறுவனத்துடையவை. பலரும் பங்கு போடும் இடம் அது. ஒரு மென்பொருளைச் சரிசெய்கிறேன் என்று ஃபோல்டரையே தூக்கினால், சம்பந்தமில்லாத இன்னொன்றும் சேர்ந்து படுத்துவிடும்.

கவனித்தீர்களா, மேலே சொன்ன எதுவும் டெம்ப் ஃபோல்டரில் இல்லை. டெம்ப்பில் இருப்பவை பெரும்பாலும் இன்ஸ்டால் செய்யும்போது பிரித்துப்போட்ட கோப்புகளும் லாக் கோப்புகளும்தான். கம்ப்யூட்டரின் பெயர், பிறகு தேதி, நேரம் என்ற வரிசையில் பெயருள்ள லாக் கோப்புகள் தென்பட்டால் அவை ஆபீஸ் எழுதிவைத்த நாட்குறிப்பு. அழிக்கலாம். ஆனால் ஆக்டிவேஷன் தகராறு ஓடிக்கொண்டிருக்கும்போது வேண்டாம். உதவிக்கு வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.

இனி கருவிகள். விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போனால், எந்த வகைக் குப்பை எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறது. ஆசையோடு எல்லாவற்றையும் டிக் செய்துவிடாதீர்கள், பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் இருக்கிறது. மற்றபடி நல்ல பிள்ளை. சுத்தம் செய்த பிறகு விண்டோஸ், ஆபீஸ் இரண்டின் ஆக்டிவேஷனும் அப்படியே இருந்தன. எனக்கு இருக்கும் ஒரே குறை, வகையைச் சொல்கிறதே தவிர எந்தெந்தக் கோப்பு என்று காட்டுவதில்லை. 'நம்பு, அழுத்து' என்கிறது. பழைய டிஸ்க் கிளீனப், ஒரு வாரத்துக்கு மேல் மாற்றப்படாத தற்காலிகக் கோப்புகளைப் பயமில்லாமல் அழிக்கலாம் என்று விளக்கமாவது சொல்லும்.

அந்தக் குறையை பிளீச்பிட் தீர்க்கிறது. 2008-லிருந்து வரும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். தோற்றத்தில் அழகு கிடையாது. இடப்பக்கம் பட்டியல், வலப்பக்கம் வெள்ளைத் திரை, அவ்வளவுதான். ஆனால் மேலே 'பிரிவியூ' என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதற்காகவே இதை வைத்துக்கொள்ளலாம். அழுத்தினால் எதையும் தொடாமல், அழிக்கப்போகும் ஒவ்வொரு கோப்பின் முழு முகவரியையும் அளவையும் வரிவரியாகக் கொட்டுகிறது. அந்தப் பட்டியலில் 'லைசென்ஸ்', 'ஃபிளெக்ஸ்நெட்', 'எஸ்எல்ஸ்டோர்' என்று ஏதாவது தட்டுப்படுகிறதா என்று கண்ணை ஓட்டிவிட்டு, பிறகு டெலீட் கொடுக்கலாம். தொடக்கூடாத ஃபோல்டர்களை முன்கூட்டியே குறித்துவைக்கவும் வழி இருக்கிறது. லைசென்ஸ் ஃபோல்டர்களை முதல் நாளே அதில் சேர்த்துவிடுங்கள். ஆபத்து, நம் விருப்பப்படி ஃபோல்டர்களைச் சேர்த்து அழிக்கும் 'கஸ்டம்' வசதியில். அங்கே புரோகிராம்டேட்டாவைச் சேர்த்தால் அது ஏன் என்று கேட்காது. காலி இடத்தைத் துடைக்கும் வசதியும் உண்டு. எஸ்எஸ்டி வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

எதையாவது இன்ஸ்டால் செய்துகொண்டிருக்கும்போதோ, ரீஸ்டார்ட் கேட்டு நிற்கும்போதோ எந்தக் கிளீனரையும் ஓட்டாதீர்கள். ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு தேவைப்படும் துண்டு டெம்ப்பில் காத்திருக்கலாம்.

ஆக்டிவேஷன் கோப்பே கெட்டுப்போனால்? அதற்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் வழி, அழிப்பது அல்ல, பெயர் மாற்றுவது. அட்மின் உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட் திறந்து 'எஸ்பிபிஎஸ்விசி' சேவையை நிறுத்த வேண்டும். டோக்கன்ஸ்.டாட் கோப்பை டோக்கன்ஸ்.பார் என்று மாற்றிவிட்டுச் சேவையை மறுபடி தொடங்கி, 'எஸ்எல்எம்ஜிஆர்' கட்டளையை 'ஆர்ஐஎல்சி' சேர்த்து ஓட்டினால் விண்டோஸ் புதிய கோப்பை எழுதிக்கொள்ளும். பிறகு ரீஸ்டார்ட். புராடக்ட் கீ மறுபடி கேட்கக்கூடும், கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். ஏதாவது பிசகினால் பழைய கோப்பு பக்கத்திலேயே இருக்கும்.

இதில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. ஆக்டிவேஷன் கணக்கின் ஒரு பாதி உங்கள் கம்ப்யூட்டரில், மறுபாதி நிறுவனத்தின் சர்வரில். இங்கே கோப்பை அழித்தால் அங்கே கணக்கு குறையாது. அடோபி தனிநபர் சந்தாவை ஒரே நேரத்தில் 2 கம்ப்யூட்டர்களில் வைத்துக்கொள்ளலாம், மைக்ரோசாஃப்ட் 365-இல் 5 சாதனங்களில் சைன் இன் செய்திருக்கலாம். பழைய லேப்டாப்பை விற்கும் முன் சைன் அவுட் செய்யாமல் கோப்புகளை மட்டும் துடைத்தால், விற்ற கம்ப்யூட்டரும் உங்கள் கணக்கில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். டாலியில் லைசென்ஸை 'சரண்டர்' செய்யச் சொல்வதும் இதற்காகத்தான். கணக்கு எழுதும் ஆபீஸ்களில் ஃபார்மட் போட வருபவரிடம் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

இவ்வளவு ஜாக்கிரதைக்குப் பின்னும் லைசென்ஸ் கோப்புகளால் எவ்வளவு இடம் மிச்சமாகும்? சில எம்பிதான். இடத்தை விழுங்குவது பழைய விண்டோஸ் பதிப்பும் அப்டேட் மிச்சங்களும். அவற்றை விண்டோஸே அழித்துத் தருகிறது. அதனால் வீட்டு உபயோகத்துக்கு விண்டோஸ் கருவியே போதும். நிறைய மென்பொருள் வைத்திருக்கும் டிசைன் ஆட்களுக்கும் டிடிபி சென்டர்களுக்கும் பிளீச்பிட்.

'ஆக்டிவேஷனைச் சுத்தம் செய்து தருகிறேன்' என்று வரும் பெயர் தெரியாத சின்னச் சின்ன மென்பொருள்கள்? 2017-இல் புகழ்பெற்ற சிகிளீனரின் அதிகாரபூர்வப் பதிப்பிலேயே விஷமிகள் நுழைந்து, 22 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் அது இறங்கியது. பேர்பெற்றதற்கே அந்தக் கதி. ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு என்னை ஓட்டு என்று கேட்கும் எதையும் அந்த நிமிடமே அழித்துவிடுங்கள், அதற்கு பிரிவியூ தேவையில்லை.