மூன்று மூங்கில் குச்சியும் ஒரு சைக்கிள் டியூபும்

கடையில் ஷூட்டிங் ஸ்டிக்ஸ் வாங்கக் கிளம்பிவிட்டீர்களா? இருங்கள், இருங்கள், பர்ஸை உள்ளே வையுங்கள், முதலில் நான் சொல்வதைக் கேளுங்கள்! இங்கே ஸ்காட்லாந்தில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் ரைஃபிளைச் சாய்த்துக் குறிபார்க்க வைத்திருக்கும் கோல்களுக்குக் கடைக்காரர்கள் நூறு பவுண்டுக்கு மேல் கேட்கிறார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? தோட்டச் சாமான் கடையில் செடிக்கு ஊன்றுகிற மூங்கில் குச்சி மூன்று, சைக்கிள் கடையில் கழித்துப் போட்ட பழைய டியூப் ஒன்று. ஒரே சாயங்காலத்தில் வேலை முடிந்தது. பத்து பவுண்டுகூட ஆகவில்லை!

அப்படி என்ன அதிசயம் என்கிறீர்களா? நின்றபடி ரைஃபிளை வெறுங்கையில் ஏந்திக் குறிபார்த்தவர்களுக்குத் தெரியும், ஸ்கோப்புக்குள் இருக்கும் குறுக்குக்கோடு ஓரிடத்தில் நிற்கவே நிற்காது, மூச்சு விட்டால் ஓர் ஆட்டம், நெஞ்சு அடித்தால் ஓர் ஆட்டம். தோளிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் குழல்முனை ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால் போதும், 100 மீட்டரில் தோட்டா 10 சென்டிமீட்டர் தள்ளிப் போய்விடும்! இங்குள்ள ரோ என்கிற மானோ சின்ன உருவம், நெஞ்சில் நாம் குறிவைக்கிற இடம் உள்ளங்கை அகலம்தான். டி.எஸ்.சி. 1 என்கிற மான் வேட்டைச் சான்றிதழ்த் தேர்வில், 100 மீட்டரில் 4 அங்குல வட்டத்துக்குள் மூன்று தோட்டாக்களை இறக்கிக் காட்டச் சொல்வார்கள். அதைப் படுத்துக்கொண்டு சுடலாம். ஜூலை மாதக் காட்டில் படுக்க முடியுமா? பிரேக்கன் என்கிற பெரணி இடுப்புக்கு மேல் வளர்ந்து நிற்கிறது, படுத்தால் இலையைத் தவிர ஒன்றும் தெரியாது. நின்றுதான் சுட்டாக வேண்டும். குறி பிசகி ஒரு மான் காயத்தோடு ஓடினால் அதைவிடப் பாவம் வேறென்ன இருக்கிறது? சாய்மானம் இல்லாமல் விசையில் விரல் வைக்கவே கூடாது.

செய்முறையைச் சொல்கிறேன், இப்போதே கை பரபரக்கும் பாருங்கள்! குச்சிகள் உங்கள் உயரத்துக்கு இருக்கட்டும்; காலை விரித்தால் உயரம் இறங்கும் என்பதால் குட்டையாக வாங்காதீர்கள். கணு நெருக்கமாக, கட்டைவிரல் தடிமனில், வெடிப்பு இல்லாததாகப் பொறுக்குங்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கப்போட்டு, மேல்முனையிலிருந்து நாலைந்து அங்குலம் கீழே, நீளவாக்கில் கிழித்த டியூப் பட்டையை ஒரு குச்சிக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று பாய் முடைகிற மாதிரி மாறி மாறி விட்டு இறுக்குங்கள். தூக்கி நிறுத்தித் திருகி விரித்தால், ஆகா, மேலே அழகான ஒரு கவட்டை தானாக விரியும்! அந்தக் கவட்டைக்கும் டியூப்பையே சுற்றிவிடுங்கள், ரைஃபிளின் கட்டை வழுக்காது, டக்கென்ற சத்தமும் வராது. அடியில் ஊன்றுகோலுக்குப் போடும் ரப்பர் குமிழ். அவ்வளவுதான்! ஆப்பிரிக்க வேட்டை வழிகாட்டிகள் காலங்காலமாக இப்படித்தான் டியூப் ரப்பரால் மூன்று கால் கோல் கட்டிக்கொள்கிறார்கள்; 1870களில் அமெரிக்கப் புல்வெளியில் காட்டெருமை வேட்டைக்காரர்கள் கனமான ஷார்ப்ஸ் ரைஃபிளை இரண்டு குறுக்குக் கம்புகளில்தான் சாய்த்தார்கள். நாம் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, பெரியவர்களின் வழியில்தான் போகிறோம்!

இப்போது என்னோடு பெர்த்ஷயருக்கு வாருங்கள். ஜூலைக் கடைசி, ரோ மான்களின் இணைசேர் காலம், விடிந்தும் விடியாத நேரம், காற்று முகத்துக்கு நேராக வீசுகிறது, மிட்ஜ் கொசு காதுமடலைப் பிடுங்கித் தின்கிறது, கையை ஆட்டக்கூடாது, தும்மக்கூடாது. பெட்டை மானின் குரலில் ஊதியை மெல்ல ஊதுகிறேன், ஒன்றுமில்லை, மறுபடி ஊதுகிறேன், ஒன்றுமில்லை, திரும்பிவிடலாமா என்று நினைக்கும்போதே பெரணி அசைகிறது பாருங்கள், செம்பழுப்பாக ஒரு கிடா தலையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறது, எண்பது மீட்டர் இருக்கும், நெஞ்சு எனக்குத் தொண்டையில் வந்து அடிக்கிறது, காட்டுக்கே கேட்குமோ என்று பயம்! மெதுவாகக் கோலை விரிக்கிறேன், சத்தமே இல்லை, ஒரு சின்னக் கிறீச்சுகூட இல்லை. ரைஃபிளின் முன்கட்டையைக் கவட்டையில் வைக்கிறேன், குழலை அல்ல, முன்கட்டையை, குழல் எதிலும் பட்டால் தோட்டா இடம் மாறும். இடதுகையால் கோலையும் கட்டையையும் சேர்த்துப் பிடித்து உடம்பைக் கொஞ்சம் முன்னே சாய்க்கிறேன், அவ்வளவுதான், அந்த ஆட்டம் போட்ட குறுக்குக்கோடு அப்படியே நின்றுவிட்டது! கிடாவின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், அசையாமல், ஆணி அடித்ததுபோல! பின்னால் மண்மேடு இருக்கிறது, தோட்டா தாண்டிப் போகாது, பாதி மூச்சை விட்டேன், விசையை அழுத்தினேன், கிடா நின்ற இடத்திலேயே சாய்ந்தது. துடிக்கவில்லை, ஓடவில்லை. எனக்குக் கை நடுங்குகிறது, சிரிப்பு வருகிறது, கண்ணும் கலங்குகிறது, அந்த மூங்கில் குச்சியைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன் என்றால் நம்புவீர்களா? கொடுத்தேன்! அன்றிரவு மிளகு தட்டிப்போட்டு வறுத்த மான்கறியை நண்பர்கள் ருசித்துக்கொண்டிருக்க, நான் கறியைப் பற்றிப் பேசாமல் கோலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

குறை கேட்டால் ஒன்றே ஒன்று சொல்வேன்: டியூப் நாளாவட்டத்தில் வெயிலில் வெடிக்கும். மாற்ற ஐந்து நிமிடம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன்: ரைஃபிளுக்குப் போலீஸ் சான்றிதழும் நிலத்துக்காரரின் அனுமதியும் இல்லாமல் இங்கே யாரும் வேட்டையாட முடியாது. இந்தியாவிலோ 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றம். ஆனால் கோல் கட்ட எங்கேயும் தடையில்லை. நீளமான லென்ஸோடு பறவைப் படம் எடுக்க வேடந்தாங்கலுக்கோ கூந்தன்குளத்துக்கோ போகிறவர்களே, கேமராவையும் இதே கவட்டை இதே மாதிரி தாங்கும். ரைஃபிளோ கேமராவோ, எதுவாக இருந்தாலும் சரி, வருகிற சனிக்கிழமை மூன்று குச்சி வாங்கிக் கட்டிப் பாருங்கள், அதற்கப்புறம் வெறுங்கையோடு காட்டுக்குப் போகவே மாட்டீர்கள்!