மேகமல்ஹாரும் ஒரு மெஷினும்

தேவாலா மழை தகரக் கூரையில் இறங்கினால் எந்தப் பாட்டும் காதில் ஏறாது. சரண்ஜித் சிங்கின் மேகமல்ஹார் மட்டும் ஏறுது. 1982இல் வெளியான ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ அன்று எடுபடவில்லை. 2010இல் பாம்பே கனெக்‌ஷன் அதை மறுபடி வினைலில் போட்டதும், ‘ஆசிட் ஹவுஸின் முன்னோடி’ என்று ஒரே கொண்டாட்டம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிகாகோவின் ஃப்யூச்சர் குழு 1987இல் டிபி-303இன் குமிழ்களைத் திருகித் திருகி அதன் குரலையே மாற்றியது. இந்தி சினிமாவுக்கு கிடார் வாசித்த சிங்குக்கு வேண்டியது வேற: ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கும் அந்தப் பெட்டியின் வசதி. அதைப் பிடித்துத்தான் ராகத்துக்குள் போகிறார். கீழே 808இன் தாளம் துளி அசையாது. மேலே சுரம் நெளிஞ்சுகிட்டே இருக்கும். சிகாகோவை அளவுகோலாக வைத்தால் இந்த நெளிவு காதில் விழாது. அசல் தட்டு இப்போ சேகரிப்பாளர்களின் அலமாரியில். நான் கேட்பது போனில்தான், கரண்ட் போன பிறகு, சார்ஜ் தீரும்வரை.